நோன்போடு நின்ற குளிசை

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பாமசியில் கிடைத்தது. கண்டிப் பக்கம் கட்டுகஸ்தோட்டையில் இருமல் மருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண், "நோன்புக்கு நிப்பாட்டின தைராய்டு குளிசைய திரும்பக் குடிக்கத்தான் வேணுமா?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். பதில் வேண்டாமென்றால் கேள்வி எதற்கு? அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். அவருக்கு ஸக்கியா என்று நானாகவே பெயர் வைத்தேன். மீதி எல்லாம் கற்பனை. கற்பனையிலும் அவள் என் பேச்சைக் கேட்பதாக இல்லை.

2.

முதல் தொடக்கம்: "மகாவலியின் மேல் பனி இறங்கிய ஒரு காலையில், ஸக்கியா..."

வேண்டாம். கண்டி என்றதும் பனியை இறக்கிவிடும் புத்தி எனக்கு எப்போது போகுமோ தெரியவில்லை. உண்மையில் அன்று புழுங்கித் தள்ளியது. செருப்புக் கடையிலிருந்து வந்த ரஸீன் ஃபேனைப் போட்டார். கம்பளிச் சட்டையும் காலுறையுமாக இருந்த அவர் மனைவி ஸக்கியா எழுந்துபோய் அதை நிறுத்தினாள்.

"வெளிய ரோடே உருகுது. ஒனக்கு மட்டும் குளிருதா?"

"எனக்கு ஒண்டுமில்ல. நீங்க சட்டையக் கழட்டுங்க."

அந்தக் குரலைக் கவனியுங்கள். மூன்று மாதம் முன்பு மதரஸாப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த குரல் அது. இப்போது தொண்டைக்குள் யாரோ மணலைக் கொட்டியதைப்போல் கரகரக்கிறது.

3.

இடையில் ஒரு விளக்கம், கட்டுரை மாதிரி. (பொறுத்துக்கொள்ளுங்கள், நானும் பொறுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

அந்தக் குளிசையை, அதாவது மாத்திரையை, விடிய வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். நோன்பு மாதத்தில் விடிந்த பிறகு எதையும் குடிக்க முடியாது. ஆகவே ஸக்கியா அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். டாக்டரிடம் கேட்டிருந்தால் படுக்கப்போகும் முன்போ சஹர் சாப்பாட்டுக்கு விடியுமுன் எழும்பியதுமோ குடிக்க வழி சொல்லியிருப்பார். மௌலவியும் அதைத்தான் சொல்லியிருப்பார். அவள் யாரிடமும் கேட்கவில்லை.

நோன்பு முழுவதும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.* பெருநாளன்று குடும்பமே வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவள் அறிவித்தாள்: "நோன்பு என்ட தைராய்ட சுகப்படுத்திட்டு. இனி குளிசையே தேவையில்ல."

* அந்த மருந்து உடம்பைவிட்டுப் போக வாரக்கணக்கில் ஆகும். மிச்சமிருந்த மருந்தை அவள் சுகம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. குளியலறைக் குழாயை முடி அடைத்தது. விடியும்போது முகம் வீங்கியிருந்தது. பார்க்க வந்தவர்கள் "நல்லா சதை வெச்சீக்கி" என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போனார்கள். அவள் கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்துத் தின்றாள். நின்று சமைக்க முடியாமல் குசினியில் ஒரு கதிரையைப் போட்டாள். கழற்ற முடியாத வளையலைச் சவர்க்காரம் போட்டு இழுத்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனால் "யோசிச்சிக்கிட்டிருந்தேன்" என்றாள். சமாளிப்பதற்கு இவ்வளவு மூளையைச் செலவழிக்கத் தெரிந்தவளுக்கு டாக்டரிடம் போகத் தெரியவில்லை.

4.

இந்த இடத்தில் பாத்திரத்தின்மேலேயே சந்தேகம் வந்து இரண்டு நாள் எழுதாமல் விட்டேன். இவ்வளவு பிடிவாதமான ஆளை யார் நம்புவார்கள்? மறுபடி யோசித்தேன். அவளுக்குக் குளிசைமேல் வெறுப்பில்லை. குளிசையைத் திரும்ப எடுத்தால், நோன்பு சுகப்படுத்தவில்லை என்று சொன்னதாகிவிடுமோ என்று பயந்தாள். குடும்பம் சிரிக்குமே என்ற வெட்கமும் கூடவே இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. சரி, பாவம் என்று அவளை மன்னித்துவிடத்தான் இருந்தேன்.

அதற்குள் கம்பளையிலிருந்து தங்கை இன்ஷிரா ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கும் அதே தைராய்டு வருத்தம், அதே குளிசை. இப்போது வயிற்றில் பிள்ளை வேறு. புறப்படும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "நானும் நிப்பாட்டிட்டேன் ராத்தா. நீங்க சுகமாத்தானே ஈக்கிறீங்க?"

ஸக்கியா பிள்ளை சுமந்தபோது டாக்டர் அதே குளிசையைக் கூட்டிக் கொடுத்து, ஒருநாளும் விடக் கூடாது, பிள்ளைக்குக் கூடாது என்று சொல்லியிருந்தார். அது அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. வாயைத் திறந்தாள்.

"ஓ, சுகமாத்தான்" என்றாள்.

சத்தியமாக நான் அந்த வரியை எழுத நினைக்கவில்லை.

5.

முடிவுகள், எழுதிக் கிழித்தவை:

(அ) ஸக்கியா கம்பளைக்கு பஸ் ஏறி உண்மையைச் சொல்கிறாள். [பேராதனை வருவதற்குள் தூங்கிவிடுகிறாள். கம்பளையைத் தாண்டி நாவலப்பிட்டியில் யாரோ எழுப்பிவிடுகிறார்கள்.]

(ஆ) ரஸீன் கண்டுபிடித்து ஏசுகிறார். [அவரோ ஃபேனைத் தாண்டி எதையும் கண்டுபிடிக்கிற ஆளில்லை.]

(இ) இன்ஷிராவுக்கு ஏதோ ஆகி, ஸக்கியா அழுது

இல்லை. ஒரு பெண்ணுக்குப் புத்தி சொல்ல இன்னொரு பெண்ணின் பிள்ளையைக் கொல்லுகிற கதையை நான் எழுதமாட்டேன்.

6.

கடைசியாக எழுதியது இது. ரஸீன் போனை சார்ஜில் போட்டுவிட்டு அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்தார். போன் அடித்தது. ஸக்கியா கதிரையிலிருந்து எழுந்து போவதற்குள் நின்று, மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"ஹலோ."

"மச்சானா?" இன்ஷிரா கேட்டாள். "ராத்தாட போன் அடிச்சிக்கிட்டே ஈக்கி, எடுக்கிறாங்க இல்ல. அவங்க சுகம்தானே?"

பெருநாளுக்குப் பிறகு ஆண்குரல்போல் இன்னும் கட்டையாகிவிட்ட தன் குரல், கூடப்பிறந்தவளுக்கே தெரியவில்லை. ஸக்கியாவுக்கு அழுகை வந்தது. திருத்துவதற்காக வாயைத் திறந்தாள். திருத்தவில்லை.

"சுகமில்ல" என்றாள். "மிச்சம் சுகமில்ல. குளிசைய நிப்பாட்டினதுதான்."

"என்னட்ட ஒரு வார்த்தையும் செல்லவே இல்லயே."

"செல்ல மாட்டா. வெக்கம் அவக்கி. முடியெல்லாம் கொட்டிட்டு, நிக்கவும் ஏலா. பொய்யா சிரிச்சிக்கிட்டு ஈக்கிறா." ரஸீன் இவ்வளவு பேசுகிற ஆளில்லை என்பது இன்ஷிராவுக்குத் தோன்றவில்லை. "நீ இண்டைக்கே டாக்டர்ட்ட போ புள்ள. நிப்பாட்டினத மறைக்காம செல்லு. வயித்தில ஈக்கிறதுக்கு ஒண்டும் ஆகக்கூடாது."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "போறேன் மச்சான். இப்பவே இவரக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. இத்துடன் முடித்துவிடலாம் என்று பேனாவை மூடப்போனேன்.

"மச்சான், வெச்சிராதீங்க" என்றாள் இன்ஷிரா. "போன ராத்தாட்ட குடுங்க. அவங்களும் என்னோட டாக்டர்ட்ட வரணும். வாறேன்டு அவங்க வாயால செல்லாம நான் வெக்க மாட்டேன்."

வீட்டில் வேறு யாரும் இல்லை. ஸக்கியா போனைக் காதிலிருந்து எடுத்து, கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அடுத்த வரியை நான் எழுதினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். மறுபடி "சுகமாத்தான்" என்பாள். ஆகவே நான் எழுதப்போவதில்லை. உங்கள் பேச்சையாவது அவள் கேட்கிறாளா என்று பாருங்கள். சீக்கிரம், அந்தப் பக்கம் இன்ஷிரா சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.