வெள்ளை நூல்

காலையில் எழுந்ததும் ஃப்ரீசரைத் திறக்கிறேன். காபித்தூள் பின்வரிசையில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வெனிலா ஐஸ்கிரீம் டப்பா. டப்பாவை இடது பக்கம் நகர்த்துகிறேன், காபித்தூளை எடுக்கிறேன், டப்பாவைப் பழைய இடத்தில் வைத்து மூடுகிறேன். காபித்தூளுக்கு வேறு இடம் பார்க்கலாம். பார்க்கவில்லை. தண்ணீர் சுடுவதற்குள் சவரம். நின்றபடியே ஒரு துண்டு ரொட்டி. பிறகு கோட்டு. கரி நிறம், இரண்டு பட்டன். எங்கள் கம்பெனியில் தைத்தது, என் மனைவி மரிசாவின் அடக்கத்துக்காக எடுத்தது. அதன் பைகளை நான் இன்னும் பிரிக்கவில்லை. அதனால் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டே போகிறேன்.

புதுக் கோட்டுகளின் பைகளை வெள்ளை நூலால் தைத்து மூடித்தான் கடைகளுக்கு அனுப்புவோம். பின்புறப் பிளவில் அதே நூலில் ஒரு பெருக்கல் குறி. கடை போய்ச் சேரும்வரை துணி தொங்கிவிடாமல் இருக்க. வாங்கியவன் வெட்டிப் போட வேண்டும். பாதிப் பேர் வெட்டுவதில்லை. அதுவும் ஒரு அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும் போய்விடுகிறார்கள். மரிசாவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கைப்பையில் எப்போதும் ஒரு குட்டிக் கத்தரி. பஸ் நிறுத்தத்தில், வங்கி வரிசையில், முன்பின் தெரியாத ஒருவனின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பாள். "சார், ஒரு நிமிஷம், அசையாம நில்லுங்க." அவன் திரும்புவதற்குள் வேலை முடிந்திருக்கும். ஒருமுறை சர்ச் வாசலில் கல்யாண மாப்பிள்ளையையே அப்படி நிறுத்தினாள். மணப்பெண் முறைத்தாள். "போட்டோவுல விழறதுக்குள்ள பாத்தேனே, அதச் சொல்லு" என்றாள் மரிசா.

அவள் எங்கள் கம்பெனியான ஆஷ்ஃபெல்ட் அண்ட் சன்ஸில் கடைசிப் பரிசோதனை மேசையில் இருந்தாள். அவள் விரல் படாமல் ஒரு கோட்டும் ராச்செஸ்டர் ஊரை விட்டுப் போகாது. நான் மேல்மாடியில், கம்பெனியின் நூறு வருட வரலாற்றை எழுதுகிறவன். ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து ஓர் ஊசிப் பெட்டியோடு வந்து இறங்கிய யாக்கோப் ஆஷ்ஃபெல்ட். உலகப் போர் வந்ததும் ராணுவச் சீருடைகள். போர் முடிந்து திரும்பிய பையன்கள் எல்லாருக்கும் ஒரே வருடத்தில் கோட்டு வேண்டியிருந்தது. பிறகு ஒரு காலம் வந்தது. அலுவலகங்களில் வெள்ளிக்கிழமை மட்டும் டை வேண்டாம் என்றார்கள். அப்புறம் எல்லா நாளும் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. இரண்டு தளங்களைப் பூட்டினோம். இதையெல்லாம் எழுதுவது கடினமில்லை. இடையிடையே யாராவது ஏதாவது பேச வேண்டும், அதுதான் கடினம். மூன்றாவது அத்தியாயத்தில் யாக்கோப், "பையை மூடி வை, கை வேலைக்குப் போகட்டும்" என்கிறார். பைகளைத் தைத்து மூடும் வழக்கம் அப்படித்தான் வந்ததாம்; அது நானே கட்டியது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மரிசா கையைத் தூக்கி, காற்றில் ஒரு நூலை நீளமாக உருவினாள். எங்கள் தொழிற்சாலையில் அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் யாராவது கதை விட்டால், "வெள்ளை நூல்" என்பார்கள். இப்போதைக்குப் பிடித்து நிற்கட்டும், அப்புறம் உருவி எறிய வேண்டியது.

இன்று காலை என் மேசைமேல் புத்தகத்தின் கடைசிப் பக்கம் அச்சடித்து வைத்திருந்தது. மரிசாவின் படம். கீழே, "காலர் நேராக இருந்தால் மனிதன் நேராக நிற்பான். மரிசாவின் கடைசி வார்த்தைகள்." பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு துணி லேபிள். அதிலும் அதே வரி, நெசவில். நூறாவது ஆண்டுக் கோட்டுகள் எல்லாவற்றிலும் உள்பைக்கு மேலே தைக்கப் போகிறார்கள். எலியட்டின் அறைக்குப் போனேன். எலியட் ஆஷ்ஃபெல்ட், யாக்கோபின் கொள்ளுப் பேரன், எங்கள் முதலாளி.

"பாத்தியா? எப்படி இருக்கு?"

"அவ இதச் சொல்லல."

எலியட் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை. மரிசா தன் கடைசி நாளில் மேசையருகே விழுந்தபோது, ஆம்புலன்ஸ் வரும்வரை தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் தாங்கியிருந்தவர் அவர்தான். அப்போது அவளுக்குப் பேச்சு இல்லை.

"அன்னிக்குக் காலைல எங்கிட்டதான் சொன்னா, நோலன்."

"என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

யோசித்தார். "'இந்தக் காலர் கோணிட்டு நிக்குது, எந்தக் குருடன் இத சரின்னு விட்டான்'னு கேட்டா."

"எந்தக் குருடன்?"

"நான்தான்." கண்ணாடியைத் துடைத்தார். "ஆனா அர்த்தம் இதுதானப்பா."

"அப்ப குருடனையே லேபிள்ல போடுங்க."

அவர் சிரிக்கவில்லை. "எங்க கொள்ளுத்தாத்தாவ நீ பேச வைக்கலாம். நான் மரிசாவப் பேச வைக்கக் கூடாதா?" குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஃபிலோமினாவுக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. அவங்க வேணாம்னு சொல்லட்டும், எடுத்துடறேன். மத்தியானம் லேபிள் ஆலைக்குச் சொல்லியாகணும். அவங்ககிட்ட நீ பேசு. என்னால முடியாது."

ஃபிலோமினா மரிசாவின் அம்மா. கீழ்த்தளத்தில் பை மூடும் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான் படியிறங்கி வருவதைப் பக்கத்து இருக்கைத் தோழி டாட்தான் முதலில் பார்த்தாள்.

"புரொபசர் வர்றாரு. எல்லாரும் நிமிந்து உக்காருங்கடி. புத்தகத்துல கூனியா விழுந்துரப் போறீங்க."

"இவ ஏற்கெனவே அட்டைப்படத்துக்குத்தான் பவுடர் போட்டுட்டு வந்திருக்கா" என்றார் ஃபிலோமினா. பிறகு என்னைப் பார்த்து, "சாப்டியா?"

"சாப்டேன் மா."

"என்ன சாப்ட?"

"ரொட்டி."

"ரொட்டி மட்டுமா? ரொட்டியெல்லாம் வாத்துக்குப் போடறது." என் கையைப் பார்த்தார். "ஏழு மாசமா ஜெயிலர் மாதிரி சாவியத் தூக்கிட்டு அலையற. வா இங்க, பைய பிரிச்சு விடறேன்."

"வேணாம் மா."

மாதிரி லேபிள் ஒன்றை அவர் தன் மேசை விளக்கில் குத்தி வைத்திருந்தார். வெளிச்சம் படும் இடத்தில். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"சர்ச்சுல எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். ஃபாதர் போன வாரம் பிரசங்கத்துலயே சொன்னாரு. நல்லாருக்குல்ல?"

"நல்லாருக்கு."

அவர் ஊசி நின்றது. "நீ இவ்ளோ சீக்கிரம் எதையும் நல்லாருக்குன்னு சொல்ற ஆளில்லையே."

நீராவி இஸ்திரியின் சீறல் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் இறந்த அன்று போனில் மரிசாவின் குரலுக்குப் பின்னாலும் இதே சத்தம்தான்.

"வெள்ளை நூலா?" என்றார் ஃபிலோமினா.

"ஆமா மா."

டாட் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். ஃபிலோமினா மடியிலிருந்த கோட்டைப் புரட்டிப் போட்டார், தைத்து முடித்த பையையே மறுபடி தடவிப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"எனக்கும் தோணுச்சு. எம் பொண்ணு இவ்ளோ பதவிசாப் பேசுனா அது எம் பொண்ணே இல்ல." விளக்கை ஒருமுறை பார்த்தார். "ஆனா இத எடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு, நோலன்? அன்னிக்கு எனக்கு லீவு. பல் டாக்டர் முன்னாடி வாயத் தொறந்துட்டுக் கெடந்தேன். எங்கிட்ட அவ எதுவுமே சொல்லிட்டுப் போகல."

எலியட் தன்னால் முடியாது என்றதும் இதனால்தான் என்று அப்போது புரிந்தது. இந்த வரி புத்தகத்துக்காக அல்ல, இந்த விளக்குக்காக. நான் அதைப் பிடுங்க வந்திருக்கிறேன். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்று இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லாதது. சொன்னால் யாராவது அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி விடுவார்கள், அல்லது அவ்வளவுதானா என்பார்கள். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் தினமும் காலையில் அந்த டப்பாவை இடது பக்கம் நகர்த்தி, மறுபடி பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"அன்னிக்கு உனக்குப் போன் பண்ணாளா?"

"லஞ்சுக்கு முன்னாடி. நான் அன்னிக்கு வீட்ல உக்காந்து எழுதிட்டிருந்தேன்."

"என்ன சொன்னா?"

"பெருசா ஒண்ணுமில்ல மா."

"பெருசா வேணும்னு இங்க யாரு கேட்டா?"

விளக்கிலிருந்து ஊசியை உருவி, லேபிளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை, போடவும் இல்லை. என்னைப் பார்த்தபடி இருந்தார். டாட் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் சாவியை மேசைமேல் வைத்தேன். எழுதி முடித்ததும் ஐஸ்கிரீம் சாப்பிடப் போவதாக அன்று நான் மரிசாவிடம் சொன்னதை முதலில் சொன்னேன். அதற்கு அவள் சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"அந்த டப்பாவத் தொறந்து ஏமாந்துராத. அது ஐஸ்கிரீம் இல்ல, அம்மா குடுத்த தக்காளிக் குழம்பு."