நிறுக்காத கொழுந்து

புவனேந்திரனை ஆஸ்பத்திரியில் எல்லோரும் டொக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவர் உதவி மருத்துவர். யாரையும் திருத்த அவர் மெனக்கெட்டதில்லை, கேட்க நன்றாகத்தானே இருக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களை முதலில் பார்த்து, யாரை உடனே டொக்டர் நளீராவிடம் அனுப்புவது, யாரை வாங்குப் பலகையில் காத்திருக்க வைப்பது என்று தீர்மானிப்பது அவர் வேலை. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், தோட்டத்துச் சனங்களின் போக்கு தெரிந்தவர் என்றுதான் அந்த இடத்தில் அவரை வைத்திருந்தார்கள். தெரிந்துதான் இருந்தது. அதுதான் கொடுமை.

அன்று காலையிலேயே கூட்டம். நமுனுகுல பக்கம் ஒரு மலையில் குளவி கொட்டி, வீங்கிய முகங்களோடு வந்தவர்களால் பிரிவு நிறைந்திருந்தது. அந்த நெரிசலுக்குள் ரெங்கம்மா, தன் மகள் விஜயலெட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. அட்டை கடிக்காமலிருக்கப் பூசிய சவர்க்காரம் காலில் காய்ந்திருந்தது.

"ஒன்னும் இல்லீங்க ஐயா, வாய்வு. நெஞ்ச அடைக்குது. புள்ளதான் பயந்து இழுத்துட்டு வந்துருச்சு."

"கொழுந்து நிறுக்கக்கூட இல்லீங்க டொக்டர்," என்றாள் விஜயலெட்சுமி. "கூடைய மலையிலேயே போட்டுட்டு எறங்கிட்டாங்க."

புவனேந்திரன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வாய்க் கொழுப்பு என்பது இதுதான். "ஏம்மா, அரைநாளோட வீட்டுக்குப் போக ஒரு நெஞ்சுவலியா?" என்றார்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரெங்கம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாய்வு மருந்தைக் கொடுத்து வாங்கில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் அடுத்த ஆளிடம் போனார்.

ஒருவரின் கழுத்தில் குளவி முள்ளை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் சொன்னது உறைத்தது. நிறுத்தால்தான் அன்றைய கூலி; கொழுந்து நிறுக்காமல் மலையை விட்டு இறங்குகிறவள் உண்டா? தம்பி பிறந்த அன்று அவருடைய அம்மாவே இடுப்புவலியோடு நின்று, நிறுவை முடிந்த பிறகுதான் இறங்கினாள். பறித்த கொழுந்தைப் போட்டுவிட்டு ஒருத்தி வருகிறாள் என்றால் அவளுக்கு உயிர் போகிறது என்று அர்த்தம். டொக்டர் நளீராவுக்கு இது தெரிய நியாயமில்லை. புவனேந்திரனுக்குத் தெரியும்.

சொன்ன கேலியும் அவருடையதல்ல. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் கங்காணி அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னது. அன்று அம்மாவும் இப்படித்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வாங்குக்கு ஓடினார். வாங்கு காலி.

"மத்தியான நிறுவைக்காச்சும் போய்ச் சேந்துருவோம்னு கெளம்பிட்டாங்க டொக்டர்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அவர் வெளியே ஓடிப்போய்ப் பார்த்தபோது, பஸ் நிறுத்தத்தில் மகளின் மடியில் சாய்ந்து கிடந்தாள் ரெங்கம்மா. மலைக் குளிரிலும் சேலை வியர்வையில் நனைந்திருந்தது. புவனேந்திரன் அவளைத் தூக்கிக்கொண்டே திரும்பி வந்தார். போகாதே போகாதே என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

ஈ.சி.ஜி.யைப் பார்த்ததும் டொக்டர் நளீரா, "மாரடைப்பு," என்றார். மருந்து ஏற்றினார்கள். பதுளைக்குக் கொண்டுபோக அம்புலன்ஸ் வந்து நின்றது.

"முதல்ல வந்தப்பவே இத ஏன் எடுக்கல்ல?" என்று அவரிடம் கேட்டார் நளீரா.

புவனேந்திரன் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து ரெங்கம்மாவின் குரல் வந்தது. "ஐயா இருக்கத்தான் சொன்னாங்க. நாந்தாங்க கேக்காம ஓடிட்டேன்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தப் பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அவருக்கு ஆசை வந்தது.

"இல்ல டொக்டர். என்னக் காப்பாத்தப் பாக்குறாங்க. நான் கேலி பண்ணினேன். அதனாலதான் எழும்பிப் போனாங்க."

"அத பொறகு பேசுவோம்," என்றார் நளீரா. "இப்ப போனா பொழச்சிருவாங்க. ஏத்துங்க."

உண்மையைச் சொல்லிவிட்டதில் புவனேந்திரனுக்குப் பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. அந்த நிம்மதியும் அம்புலன்ஸ் கதவுவரைக்கும்தான். ஏற்றும்போது ரெங்கம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, ஒரு துண்டுக் கடுதாசி எழுதித் தருவீங்களா? எனக்கு நெசமாவே வலிச்சுதுன்னு. இல்லாட்டி நாளைக்குப் பெரட்டுல பொய்ச்சாட்டுன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

முதலில் அப்படிச் சொல்லிச் சிரிக்கவைத்தது யார் என்று அவள் சொல்லவில்லை. புவனேந்திரன் பேனாவைத் தேடினார். அது அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது.