மூன்று தட்டு

ஸ்பூனை அப்பாவின் கையிலிருந்து பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. கேட்டால் கொடுக்கிற பிடி இல்லை அது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். சுண்டுவிரல் கடைசிவரை விடவில்லை.

"சாயங்காலம் குடுத்துடறேன்ப்பா. சுவர் ஈரமா இருக்கு. தட்டினீங்கன்னா பெயின்ட் பேர்ந்துடும்."

அவர் அவளையே பார்த்தார். பேச்சு போய் இரண்டு வருடமாகிறது. வலது பக்கமும் போய்விட்டது. மிஞ்சியது இடது கையும் அந்த ஸ்பூனும்தான். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வை. மூன்று என்றால் ஒன்றும் வேண்டாம், சும்மா வந்து உட்கார். இந்தக் கணக்கை அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். "தட்டுங்க, எங்க இருந்தாலும் வந்துடறேன்" என்று சொன்னவளும் அவள்தான். தலையில் சோப்பு நுரையோடுகூட ஓடி வந்திருக்கிறாள்.

முன்னறையில் அவர் கட்டில் கிடந்த இடத்துச் சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். போன வாரம் பெயின்டர் அவற்றைப் பட்டி வைத்து அடைத்தார். "பெரியவர் இந்தச் சுவத்துல தந்தியே அடிச்சிருக்காரும்மா. ஒரு டப்பா பட்டி இதுக்கே போச்சு" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

தரகர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னவை ஏராளம். பகலிலும் எல்லா விளக்கும் எரிய வேண்டும். மருந்து பாட்டில் ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது. அம்மாவின் படத்தைக் கழற்றிவிட வேண்டும். இன்னொருத்தர் முகம் சுவரில் இருந்தால் வாங்க வருபவர்களுக்கு அது தங்கள் வீடாகத் தோன்றாதாம். கடைசியாகக் கட்டிலைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் திரும்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். படுத்த படுக்கையா ஒருத்தர் இருந்தா வர்றவங்க ஹாலை அளக்க மாட்டாங்க. கட்டிலைத்தான் அளப்பாங்க."

அதனால்தான் இன்று காலை அப்பா பின்னறைக்குப் போனார். பழைய டிரங்குப் பெட்டியும் உடைந்த நாற்காலிகளும் கிடந்த அறை. கட்டிலைச் சுவரை ஒட்டித்தான் போட முடிந்தது. அந்தச் சுவரில் ஈரக்கறை இருந்தது. யாராவது கதவைத் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று, அங்கேயும் பெயின்ட் அடிக்கச் சொன்னது அவள்தான். அண்ணனுக்கு அது தோன்றவேயில்லை.

விற்கலாம் என்று முதலில் சொன்னவன் அண்ணன். ஆனால் அவன் சொன்ன அன்று நிம்மதியாகத் தூங்கியது அவள். விற்றால் அப்பாவை ஆட்கள் பார்த்துக்கொள்ளும் இடத்தில் சேர்க்கலாம். அவள் பங்கில் அவளுக்கென்று ஓர் அறை. யாரும் தட்டாத சுவர். நாற்பத்தொரு வயதில் அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

"அண்ணா, அப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிடலாமா?"

"ஆறு மாசமா ஒரு மாதிரிதான் இழுக்குது. நாலு மணிக்கு வர்றவங்களை நீ போய்த் திருப்பி அனுப்பறியா? உனக்கும் சேர்த்துதானே அலையறேன்?"

அவள் கதவைப் பூட்டினாள்.

கணவனும் மனைவியுமாக வந்தார்கள். அந்தப் பெண் குழாய்களைத் திறந்து பார்த்தாள், ஜன்னல் கொக்கிகளை ஆட்டிப் பார்த்தாள். அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்தாள். பின்னறைக் கதவருகே நின்றாள்.

"சாமான் போடற ரூம்ங்க," என்றார் தரகர். "சாவியை எங்கயோ வெச்சுட்டாங்க. அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

அப்போதுதான் சத்தம் கேட்டது. உலோகச் சத்தம் இல்லை. ஈரத்தின் மேல் உள்ளங்கை விழுகிற மொத்தைச் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

"உள்ள யாராவது இருக்காங்களா?" என்றாள் அந்தப் பெண்.

தரகர் மேலே பார்த்தார். அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

"பெயின்டர்ங்க," என்றாள் அவள். "கடைசி கோட் அடிச்சிட்டிருக்கார்."

பெயின்டர் அந்த நேரம் கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தார். மறுபடி மூன்று. இம்முறை ஒவ்வொன்றுக்கும் நடுவே நீண்ட இடைவெளி.

"சாவி இல்லைன்னீங்க, ஆளை உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்களா? நல்லா வேலை வாங்கறீங்க," என்றார் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள்.

ஆறு மணிக்குத் தன் அம்மாவையும் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டு அந்தப் பெண் கணவரோடு கிளம்பினாள். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் அவள் பின்னறைப் பூட்டைத் திறந்தாள்.

அப்பாவின் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. வாய் திறந்திருந்தது. மூச்சு இல்லை. சுவரில் உள்ளங்கைத் தடங்கள், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. கடைசியானது தடமாகக்கூட இல்லை. நான்கு விரல்களும் கட்டில்வரை வழுக்கி இறங்கிய கோடுகள்.

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

"அழாத," என்றான். அவன் குரலும் உடைந்துதான் இருந்தது. "ஆறு மணிக்கு வர்றவங்க போற வரைக்கும் அழாத."

தரகர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றார். "நல்ல மனுஷர். கஷ்டப்படாம போயிட்டார்," என்றார். சற்றுப் பொறுத்து, "சொல்ல வேண்டியவங்களுக்கு ஏழு மணிக்கு மேல சொல்லிக்கலாமே சார்," என்றார்.

பெயின்டர் பெயின்ட் உருளையோடு வந்து நின்றார். சுவரைப் பார்த்தார். இந்த முறை அவர் ஒன்றும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அண்ணனிடம் கேட்காமல் அவளிடம் கேட்டார்.

"அடிச்சிடட்டுமாம்மா?"

அவள் தலையசைத்தாள். அவர் கீழேயிருந்து அடிக்கத் தொடங்கினார்.

அவள் பழந்துணியில் தின்னரை நனைத்து அப்பாவின் இடது கையைத் துடைத்தாள். விரல்கள் சீக்கிரம் சுத்தமாகிவிட்டன. உள்ளங்கை ரேகைகளில் மட்டும் வெள்ளை தங்கிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

ஆறு மணிக்குக் கூடத்தில் பேச்சுக்குரல் கேட்டது. வயதான ஒரு பெண்குரல் வெளிச்சத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தது. இம்முறை அவள் அப்பாவோடு உள்ளே இருந்தாள். கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது.

சாயங்காலம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த ஸ்பூனை எடுத்து அவர் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். காலையில் விடாத சுண்டுவிரல் இப்போது மடங்கவில்லை. ஸ்பூன் நழுவித் தரையில் விழுந்தது.

கூடத்தில் பேச்சு நின்றது.

தரையில் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்த ஸ்பூனை அவள் காலால் மிதித்து நிறுத்தினாள்.