பெல்ட்டின் வேகம்

பர்னெட் ஆற்றுப் பனி, பழம் அடுக்கும் கொட்டகைத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்த விடியற்காலையிலேயே பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது. கழுவிய கமலா ஆரஞ்சுகள் அதன்மேல் உருண்டு வந்தன. ரேலின் அழுகலை ஒதுக்கினாள், நல்லதைப் பெட்டியில் அடுக்கினாள். தோல் எண்ணெய் விரல் வெடிப்புகளில் புகுந்து எரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக எரிகிற விரல்கள்.

எதிர் வரிசையில் டோங்கா தீவிலிருந்து வந்த எட்டுப் பெண்கள். ஓயாத தேவாலயப் பாட்டு. பாட்டின் தாளத்துக்குக் கைகள். முதலடி எடுத்துக் கொடுப்பவள் லூபே. அவள் பாட்டை முடுக்கினால் எட்டுப் பேரின் கைகளும் முடுக்கும். அதைப் பார்த்து முதலாளி கிளென் பெல்ட்டை முடுக்குவான். இந்தப் பருவத்தில் மூன்று தடவை முடுக்கிவிட்டான். ஈடுகொடுக்க முடியாமல் உள்ளூர்ப் பெண்கள் ஐந்து பேர் வீட்டோடு நின்றார்கள். ஐந்து இடத்துக்கும் தீவிலிருந்து ஆள் வந்தது.

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய விரட்டுது" என்றாள் ரேலின், அவர்கள் காதில் விழும்படியே.

தேநீர் நேரத்தில் லூபேயிடம் நேராகவே போனாள். "வாய மூடிட்டு வேல செய்ய வராதா? உங்க பாட்டாலதான் எங்க பொழப்பு நாறுது."

"மெதுவாப் பண்ணினா அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாரு. வேற முதலாளிகிட்டப் போறதுக்கும் எங்க விசாவுல இடமில்ல. என்ன செய்யச் சொல்றீங்க?"

"ஊருக்குப் போ."

லூபே கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அன்றே கிளென் நான்காவது தடவையாக வேகத்தை ஏற்றினான். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ரேலினுக்குப் பக்கத்தில் நின்ற டோட்டின் கையுறையைப் பெல்ட்டின் உருளை கவ்வியது. டோட் அலறினாள். பதினைந்து வருஷத் தோழி அலறுகிறாள், ரேலினுக்குக் கைகால் ஓடவில்லை. லூபேதான் பெல்ட்டைத் தாண்டிக் குதித்து, அதை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தாள். நசுங்கிய விரல்களைத் தன் மேலங்கியால் சுற்றி, ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

கிளென் ரேலினை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினான்.

"லூபே இடிச்சதுலதான் டோட் கை தவறுச்சுன்னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடு. வெள்ளிக்கிழமை அவள பிளேன்ல ஏத்திடறேன். நம்ம ஊருப் பொம்பளைங்க படற பாட்டப் பாத்தா எனக்கு மனசு கேக்கல."

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுதது. ஆனாலும் ரேலின் பேனாவை எடுத்தாள். இத்தனை நாள் அவள் கேட்ட வரமல்லவா இது!

"அவ போயிட்டா பெல்ட்ட பழைய வேகத்துக்குக் குறைப்பியா?"

கிளென் சிரித்தான். "எதுக்கு? இன்னொருத்தி வருவா. தீவுல ஆளுக்கா பஞ்சம்?"

ரேலின் பேனாவை வைத்துவிட்டாள்.

"பொத்தான அடிச்சது அவ. வேகத்த ஏத்தினது நீ. அப்படி எழுது, போடறேன்."

"அப்ப நீயும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"போறப்ப போறேன்."

கொட்டகைக்குத் திரும்பியவள் லூபேயின் எதிரில் நின்றாள். "உன்மேல பழி போடச் சொன்னான். போடல. அதுக்காக உன்னப் புடிச்சிப் போச்சுன்னு நெனைக்காத."

"எனக்கும் உங்களப் புடிக்காது."

"நல்லதாப் போச்சு. உங்க பாட்ட மெதுவாப் பாட முடியுமா?"

லூபே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சவப்பெட்டியத் தூக்கிட்டுப் போறப்ப பாடற பாட்டு ஒண்ணு இருக்கு. ஒரு அடிக்கு ஒரு மூச்சு. ஆனா நாங்க மட்டும் மெதுவாப் பண்ணினா எங்கள அனுப்பிடுவாரு."

"எல்லாருமே பண்ணினா? புதுசா ஆளுங்க வந்து எறங்குற வரைக்கும் பழம் அழுகாமக் காத்திருக்குமா?"

பெல்ட் அதே வேகத்தில் மறுபடி ஓடியது. லூபே முதலடியை எடுத்தாள். நீண்டு, இழுத்து, அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தக் குரல். தீவுப் பெண்களின் கைகள் அடங்கின. உள்ளூர்ப் பெண்கள் ரேலினைப் பார்த்தார்கள். அவள் ஒரு பழத்தை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, நிதானமாகப் பெட்டியில் வைத்தாள். அவர்களும் அப்படியே வைத்தார்கள்.

பழங்கள் குவிந்தன, விளிம்பு தாண்டித் தரையில் கொட்டின.

"வேகமா!" என்று கத்திக்கொண்டு வந்தான் கிளென். யாரும் தலை நிமிரவில்லை. ரேலினுக்கு அந்தப் பாட்டில் ஒரு சொல்கூடத் தெரியாது. வாய்க்கு வந்தபடி கூடவே முனகினாள்.

உருண்டு வந்த பழங்கள் கிளெனின் காலணியில் முட்டி நின்றன. சுவரிலிருந்த, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின்மேல் அவன் கையை வைத்தான். எந்தப் பக்கம் திருப்புவதென்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

பாட்டு அடுத்த அடிக்குப் போனது.