மூடிய கடைக்கு ஒரு நாற்காலி

சண்டையில் இடிந்த அலெப்போவின் பழைய சந்தையைப் புதுப்பித்துத் திறந்து ஒரு வருடம் ஓடிவிட்டது. நாங்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்று போனதே எங்கள் மசாலாக் கடையை விற்கத்தான். அங்கே காப்பிக்கடை வைக்க ஆசைப்பட்ட வாஸிம் என்ற வாலிபன் மதியத்துக்குள் வருவதாகச் சொல்லியிருந்தான். விற்றே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். என் கணவர் முனீர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் மனசில் இருப்பதைப் பிடுங்கி எடுக்கக் குறடுதான் வேண்டும். சாவியை நானே கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவரிடம் கொடுத்தால் வழியில் தொலைந்துவிட்டது என்பார்.

கூரைக்குப் புதுக்கல், வரிசையாக ஒரே மாதிரி விளக்கு. வந்தவர்களில் பாதிப் பேர் போட்டோ எடுக்க வந்தவர்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. வந்ததற்குப் பாலாடைக்கட்டியாவது வாங்குவோம் என்று பக்கத்துக் கடை அபு நூரியிடம் போனோம். அவர் முனீரைக் கட்டிப்பிடித்தார், பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார், பாலாடைக்கட்டி மட்டும் தரமாட்டேன் என்றார்.

"எனக்குக் காலையிலயே போணி ஆயிடுச்சு அண்ணி. எதிர்க்கடைக்காரன் நாற்காலி இன்னும் வெளியிலதான் கெடக்கு. அவன்கிட்ட வாங்குங்க."

போணி ஆகாதவன் வாசலில் நாற்காலி போட்டு வைப்பான், ஆனதும் உள்ளே எடுத்துக்கொள்வான். சண்டையில் கூரை போனது, இந்த வழக்கம் போகவில்லை.

எதிரே வாங்கிக்கொண்டு திரும்பினால், பூட்டிக்கிடக்கும் எங்கள் கடை வாசலிலும் கயிறு பின்னிய ஒரு சின்ன நாற்காலி. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஆள் இல்லாத இடம் என்றால் ஆளாளுக்கு வளைத்துப்போடுவதா என்று அபு நூரியை ஒரு பிடி பிடித்தேன். அவர் கோபப்படவில்லை.

"நான்தான் அண்ணி போடுறேன். சந்தை தொறந்த நாள்லேர்ந்து தெனமும் காலையில போட்டு, சாயங்காலம் எடுத்து வைக்கிறேன். முனீர் கடைக்கு இன்னும் போணி ஆகலையே."

முனீர் குண்டு துளைத்த இரும்புக் கதவருகே போய் நின்று மூக்கை உறிஞ்சினார். சீரக வாசனை வருகிறது என்றார். இத்தனை வருடம் மூடிக்கிடந்த கடையில் என்ன வாசனை வரும்? ஆனாலும் நானும் ஒருமுறை மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன்.

அப்போதுதான் வாஸிம் வந்தான். மரியாதையான பையன்தான். சலாம் சொல்லிவிட்டு அந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். எங்கெங்கே மேசை வரும், எங்கே அடுப்பு வரும் என்று கையால் காட்டினான். வெளியூர்க்காரன், அவனுக்கு என்ன தெரியும்? முனீர் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"எழுந்திரு தம்பி," என்றேன். "அது உக்கார்ற நாற்காலி இல்ல. எங்க கடை இன்னும் போணி ஆகல."

அவன் ஒன்றும் புரியாமல் எழுந்து, கடை விற்பனைக்குத்தானே என்று கேட்டான். முனீர் என் முன்னால் கையை நீட்டினார். நான் பையைத் துழாவிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். பூட்டு துருவேறிக் கிடந்தது. எண்ணெய் எடுக்க அபு நூரி தன் கடைக்குள் ஓடினார்.