பதினேழாம் எண்ணின் அட்டை

அந்த ஆராய்ச்சிக்கு வரும் பெண்கள் எல்லாரும் அவளை மாத்திரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மாதவிலக்கு நிற்கும் வயதில் உடம்பு திடீர் திடீரென்று பற்றி எரிகிறதே, அதற்கு ஒரு மூலிகை கேட்குமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மூலிகை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. மாதம் ஒருமுறை மிச்ச மாத்திரைகளை வாங்கி, தட்டில் கொட்டி எண்ணி, அழிப்பதற்கான சிவப்புத் தொட்டியில் போடுவது அக்காவின் வேலை. சூடு வந்த நேரங்களைக் குறித்த அட்டையையும் அவள்தான் வாங்கி வைப்பாள்.

எப்படிக் குறிப்பது என்று காட்ட, சுவரில் ஒரு மாதிரி அட்டை ஒட்டியிருந்தது. பதினொன்று இருபது, இரண்டு நாற்பது, நாலு ஐந்து. பகலில் ஒன்று, ராத்திரியில் இரண்டு என்று அக்கா தன்னுடைய நேரங்களையே அதில் எழுதியிருந்தாள். அவளுக்கும் ஐம்பத்தொன்று. ஆனால் மாத்திரை எண்ணுகிறவள் ஆராய்ச்சியில் சேரக்கூடாது என்பது விதி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். விதி எழுதினவருக்கு வந்ததில்லை போலும்.

ஒருநாள் பதினேழாம் எண்காரி ஒன்பது மாத்திரைகளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். தையல்காரி, சாதுவான பெண். அந்த நேரம் பார்த்து அக்காவுக்குச் சூடு ஏறி, முதுகு நனைந்து, ஒன்பதை எண்ணி முடிப்பதற்குள் மூன்று தடவை கணக்குத் தப்பியது. அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. தையல்காரி போனதும், தொட்டிக்குப் போகவேண்டியது அக்காவின் கைப்பைக்குள் போயிற்று. நாளுக்கு ஒன்றாக விழுங்கினாள்.

மூன்றாம் நாள் பதினொன்று இருபது வந்தது, போனது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. அக்கா நன்றாகத் தூங்கினாள். அவள் எரிந்து விழாததைப் பார்த்துப் புருஷன்தான் பயந்துபோய், உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். ஒன்பதும் தீர்ந்த பிறகும் சூடு திரும்பி வரவில்லை.

அடுத்த மாதம் தையல்காரி கன்னம் ஒட்டிப்போய் வந்தாள். அவளுடைய வழக்கமான நேரங்களுக்கு நடுவே, அட்டையில் தினமும் புதிதாக மூன்று. பதினொன்று இருபது, இரண்டு நாற்பது, நாலு ஐந்து. ஆரம்பித்த தேதியை அக்கா விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். அவள் மூன்றாவது மாத்திரை விழுங்கிய தேதி.

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சுவரைப் பார்த்து எழுதிய பொய்க்கணக்கு, பேரை அடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பைப் பிரித்தார். அப்பாடா என்றிருந்தது அக்காவுக்கு. பேனாவைத் திறந்தாள். அப்போதுதான் அட்டையின் ஓரத்தில் இருந்த வரி கண்ணில் பட்டது. ‘இடது காதில் ஆரம்பிக்கிறது. வாயில் இரும்பு ருசி.’

அக்காவுக்குச் சூடு வருவது அப்படித்தான். ஆனால் அதைச் சுவரில் இருந்த மாதிரி அட்டையில் அவள் எழுதவில்லை. புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

“நான் பாத்து எழுதலக்கா,” என்றாள் தையல்காரி. “என் சூடு நெஞ்சுலதான் ஆரம்பிக்கும். இது என்னோடது இல்ல. தூக்கமில்லாம ஊசியில நூல் கோக்க முடியல. வேலையே போயிடும் போல இருக்கு. இது யாரோடதுன்னு தெரிஞ்சா திருப்பிக் குடுத்துடுவேன்.”

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்தொன்பது. வாயைத் திறக்காமல் ஒரு கோடு கிழித்தால் போதும், தூக்கம் அவளுக்கே சொந்தம். அக்கா அந்தத் தூக்கத்தை நினைத்தாள். முள் நகர்ந்தது. எதிரே இருந்தவளின் இடது காது சிவக்கத் தொடங்கியது.

அக்கா பேனாவை மூடினாள். “என்னோடதுதான். உங்க மிச்ச மாத்திரைய நான்தான் முழுங்கினேன்.”

டாக்டரம்மா தலை நிமிர்ந்தார். தையல்காரி மெல்லக் காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்தது.

“ரெண்டும் போயிடுச்சுக்கா,” என்றாள்.

அக்காவின் வாயில் இரும்பு ருசித்தது. இடது காது சுட்டது. அது அவளுக்குப் பழகியதுதான். அடுத்து, இதுவரை சூடே ஏறியிராத நெஞ்சும் எரிய ஆரம்பித்தது.