மேகலா கப்பலேறும் கதை, முடிவு நீங்கலாக

1.

இந்தக் கதையை நானாக எழுத ஆரம்பிக்கவில்லை. கேட்டு வாங்கிய கதை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் கதை சொதப்பினால் பழியில் பாதியை மோகனாவின் தலையில் கட்டலாம் பாருங்கள்.

மோகனா எங்கள் ஷூ கம்பெனியில் செக்கர். தைத்து வரும் மேல்பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் கோணினால் ஓரமாகத் தூக்கிப் போடுவாள். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். நான் அதே கம்பெனியில் மாடியில், ஆபீசில். வெளிநாட்டு வியாபாரிகளுக்கு ஈமெயில் எழுதுவது என் வேலை. 'சரக்கு அடுத்த வாரம் கப்பலேறும்' என்ற ஒரே வாக்கியத்தை வாரா வாரம் அவர்கள் நம்பும்படி எழுதுகிறேன் என்பதால், எனக்குக் கதை எழுத வரும் என்று கீழ்த்தளத்தில் ஒரு பேச்சு. பத்திரிகையில் என் கதைகள் இரண்டு வந்ததும் உண்மைதான். யாரும் படிக்கவில்லை என்பதும் உண்மைதான்.

ஒரு நாள் மதியம் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, வர்ற வாரம் கப்பல்ல போறேன். பாப்பாவத் தூக்கிக்கினு."

"இன்னா கப்பலு?"

"டூர் கப்பல்க்கா. அவரு வேலை செய்ற கப்பலு. மெட்ராஸ்ல ஏறி விசாகப்பட்டினம் போய்ட்டுத் திரும்பி வருது. ஸ்டாஃப் குடும்பம்னா டிக்கெட்டு கம்மி."

"நல்ல விஷயம்தானே. மூஞ்சிய ஏன் இப்டி வெச்சிருக்கற?"

அவள் டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"பாப்பா அவருகிட்ட போவாளான்னு தெரியலக்கா. நீங்கதான் கதைலாம் எழுதுறீங்களே. இது எப்டி முடியும்னு எழுதிக் குடுங்க. படிச்சிட்டுப் போறேன்."

ஜோசியரிடம் போய்க் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டாள். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: 'வங்கக் கடலின் நீலத்தில் வெண்ணிற மாளிகை ஒன்று மிதந்து வந்தது. அதன் மேல்தளத்தில்—'

வேண்டாம். நான் கப்பலில் ஏறியதே இல்லை. கப்பல் என்றால் எனக்கு கன்டெய்னர் ஏறும் தேதி. அந்தத் தேதி தவறினால் வரும் திட்டு.

இரண்டாம் தொடக்கம்: 'மேகலா பிறந்த அன்று ஆம்பூரில் நல்ல மழை. பாலாற்றில்—'

பாலாற்றில் தண்ணீர் வந்தது என்று எழுதினால் எங்கள் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். அடித்துவிட்டேன்.

மூன்றாவதாக, ஜோடனை இல்லாமல் நடந்ததை அப்படியே சொல்கிறேன். மோகனாவின் புருஷன் செல்வகுமாரும் எங்கள் கம்பெனியில் இருந்தவன்தான், லாஸ்டிங் பிரிவில்.* கூடப் படித்த ஒருவன் மூலமாகக் கப்பலில் சலவைப் பிரிவில் வேலை கிடைத்தது. அவன் போகும்போது மகள் மேகலா குப்புற விழக்கூடப் பழகவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு வராமல் அடுத்ததிலும் கையெழுத்துப் போட்டுவிட்டான். இப்போது அவளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. நடக்கிறாள், ஓடுகிறாள், கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்தில் மற்ற பிள்ளைகளின் பிஸ்கட்டைப் பிடுங்குகிறாள். அப்பாவை போனில் மட்டும் தெரியும்.

(* மேல்பாகத்தைக் கால் வடிவ அச்சின்மேல் இழுத்து ஒட்டும் இடம். வாசகர் இதை மறந்துவிட்டாலும் பரவாயில்லை. அவன் ஷூக்காரன் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.)

போன் அப்பா என்றால் மேகலாவுக்கு உயிர். சோற்றை ஊட்டிவிடப் பார்ப்பாள். திரை பூராவும் பருப்பு. விளையாட்டு நினைப்பு வந்துவிட்டால் 'டாட்டா' என்று சொல்லி, சிவப்புப் பட்டனைத் தானே அமுக்கிவிடுவாள்.

"போன்ல இருக்கற அப்பா வேறக்கா," என்றாள் மோகனா. "ஆம்பளைங்க யாரு தூக்கினாலும் வீல்னு கத்துறா. எங்கண்ணன்கிட்ட கூட போவ மாட்டா. அவரு அவ்ளோ ஆசையா நிப்பாரு. கைய நீட்டுவாரு. இவ கத்திட்டான்னு வெச்சிக்கோங்க, அப்புறம் அவரு அந்தக் கப்பல்ல எப்டிக்கா தனியா இருப்பாரு?"

இதுதான் கதை. இதற்கு மேல் நான் சேர்ப்பதெல்லாம் சரிகை.

[இங்கே ஒரு வாசகர் கை தூக்குவார்: கப்பல் சென்னைக்கு வருகிறதே, அவன் இறங்கி வந்து பார்த்தால் என்ன? நானும் கேட்டேன். பழைய பயணிகள் இறங்கிப் புதியவர்கள் ஏறும் நாளில் கப்பலின் அத்தனை படுக்கைவிரிப்பும் துண்டும் சலவைக்குப் போகுமாம். அன்றைக்கு அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. கரையைப் பார்க்கும் நாளில்தான் கரையேற முடியாது.]

3.

செல்வகுமாரை எழுதுவதில்தான் பெரிய பேஜார். கேன்டீன் வரிசையில் அவனைப் பார்த்த ஞாபகம் லேசாக இருக்கிறது. ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டான். அதை வைத்து என்ன செய்ய? கடலைப் பார்த்துப் பக்கம் பக்கமாக ஏங்கவிட்டேன். மனைவியிடம், 'நீ அனுப்பிய சிரிப்புகளில்தான் நான் உயிரோடிருக்கிறேன்' என்று ஒரு வசனமும் கொடுத்தேன்.

மோகனா படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"யாருக்கா இது? அவரு இப்டிலாம் பேச மாட்டாரு. சாப்ட்டியான்னு கேப்பாரு. நானு சாப்ட்டேன்னு சொல்வேன். பாப்பா சாப்ட்டாளான்னு கேப்பாரு. அவ்ளோதான்."

எல்லாவற்றையும் கிழித்தேன். கடைசியில் என் கதாநாயகனிடம் மிஞ்சியது 'சாப்ட்டியா?' என்ற ஒரே சொல். உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகுதான் எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

கைக்குழந்தையோடு கப்பலுக்குப் போனவர்கள் போட்ட வீடியோக்களையும் பார்த்தேன், எழுத்தாளருக்கு ஆராய்ச்சி முக்கியம் என்று. டயப்பர் கட்டும் பிள்ளைகளை நீச்சல் குளத்தில் இறக்க மாட்டார்கள். கம்பியிடுக்கில் தலையை விடுகிற வயசு, பால்கனிக் கதவைத் தாழ்போட வேண்டும். வெளிச்சாப்பாடு கூடாது, குழந்தை உணவு மட்டும் கொண்டுபோகலாம்.

"சத்துமாவு?" என்று கேட்டாள் மோகனா.

"அது பரவால்ல."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கௌசர், தையல் லைனில் இருப்பவள், தலையைத் தூக்கினாள். "பிரியாணிய ஒரு டப்பால போட்டு, பாப்பாக்குன்னு சொல்லிப் பாரேன்."

"எவ்ளோ பெரிய டப்பா?"

"ஜாஸ்தி வேணாம். நாலு பேரு துன்ற பாப்பான்னா டவுட்டு வரும்."

மோகனா அன்றைக்கு முதல் தடவையாக மனம்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இந்தப் பகுதியை வைத்திருக்கிறேன். கதைக்கு இது தேவையில்லை என்று சொல்லும் விமர்சகர் தாண்டிப் போகலாம்.

4.

முடிவு அ:

'மேல்தளத்தில் செல்வகுமார் மண்டியிட்டுக் கையை விரித்தான். மேகலா ஒரு நொடி பார்த்தாள். பிறகு "அப்பா" என்று கூவிக்கொண்டு—'

"சினிமா," என்றாள் மோகனா. தையல் கோணிய மேல்பாகத்தை ஓரமாகத் தள்ளுவதுபோலத் தாளைத் தள்ளினாள்.

முடிவு ஆ:

'குழந்தை அலறியது. செல்வகுமார் கையை மடக்கிக்கொண்டான். வேலை இருக்கிறது என்று கீழே போனான். அடுத்த நாளும் அப்படியே. கடைசி நாள், இறங்கும் நேரத்தில், அவன் விரலை அவள்—'

இதை அவள் முழுதாகப் படித்தாள். சோற்றைத் தொடவில்லை. பெல் அடித்ததும் டப்பாவை மூடிக்கொண்டு லைனுக்குப் போய்விட்டாள். நான் மாடிப்படியில் ஏறும்போது என்னை நானே திட்டிக்கொண்டேன். நம்பிக்கை கேட்டு வந்தவளிடம் நான் என் கலையைக் காட்டியிருக்கிறேன்.

அதனால் முடிவு இ-யை வேடிக்கையாக எழுதினேன். ஆபித் பாஷா என்று ஒருவர், எங்கள் சாம்பிள் ரூமில் மாதிரி ஷூ செய்கிறவர். மேகலாவின் முதல் பயணத்துக்கு என்று அவர் ஒரு ஜோடி செய்து கொடுத்திருப்பதாக லைன் பூராவும் பேச்சு. அதைக் கதைக்குள் இழுத்தேன். வெளிநாட்டுக்கு அனுப்பும் மாதிரிக்கு ஒரு கால் போதும், பெரும்பாலும் வலது கால்தான். ஜோடியாக அனுப்பினால் வழியில் யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். என் கதையில் பாஷா பழக்கதோஷத்தில் குழந்தைக்கும் இரண்டு வலது கால் செய்துவிடுகிறார். மேகலா அப்பாவை நோக்கிக் கிளம்புகிறாள், ஷூ அவளை இடப்பக்கமாகவே இழுக்கிறது, ஐஸ்கிரீம் கவுன்டரில் போய் நிற்கிறாள்.

"இன்னாக்கா, என்னய லூசுன்னு நெனச்சீங்களா?" மோகனாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "காலைலேந்து சாய்ங்காலம் வரிக்கும் ஷூவத்தான் பாக்கறேன். ரெண்டும் வலதுன்னா எனக்குத் தெரியாதா?"

"பிரிச்சிப் பாத்தியா?"

"கப்பல்ல போய்ப் பிரிக்கலாம்னு அப்டியே வெச்சிருக்கேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் லாக்கருக்குப் போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். பளபளக்கும் காகிதத்தைப் பிரித்தாள். மெத்தென்ற தோலில், மஞ்சள் நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற இரண்டு ஷூ.

இரண்டும் வலது கால்.

5.

(நான் இதை இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியது முந்தைய பகுதியில். எழுதியது நிஜமாகிவிட்டதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் ஈமெயில்களுக்கும் இந்தச் சக்தி இருந்தால் கம்பெனி நன்றாக இருக்கும்.)

சாம்பிள் ரூமில் ஆபித் பாஷா ஷூக்களைக் கையில் வாங்கி, சேர்த்து வைத்துப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லா! கை தானா வலது போட்டுக்கினே போய்ட்சிம்மா. புள்ளைக்கு ரெண்டு காலு இருக்குதுன்னு கைக்குத் தெரியல. குடு, நாளைக்கி ஒரு லெஃப்ட்டு அடிச்சித் தர்றேன்."

"வேணாம் பாய். இப்டியே இருக்கட்டும்," என்றாள் மோகனா.

"இன்னாம்மா வெளையாடற? புள்ள வுழுந்துடும்."

"வுழாது பாய். நான் பாத்துக்கறேன்."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. மாலை கம்பெனி பஸ் கிளம்பும் முன், தூங்கும் மேகலாவைத் தோளில் போட்டுக்கொண்டு மோகனா என்னிடம் வந்தாள்.

"அக்கா, பாப்பா அவருகிட்ட போவலன்னு வைங்க. 'இன்னாங்க இது, பாய் ரெண்டும் வலதாப் போட்டுட்டாரு, அதான் புள்ள நேரா வர மாட்டேங்குது'ன்னு சொல்லிடுவேன். அவரு ஷூக்காரரு. ஷூ மேல தப்புன்னா உடனே நம்பிடுவாரு. கழட்டிப் பாத்து பாயத் திட்டிக்கினு இருப்பாரு. மனசு ஒடைஞ்சி போவ மாட்டாரு."

எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் எழுதிய மூன்று முடிவுகளும் குழந்தையைப் பற்றியவை. இவள் நாலாவது ஒன்றைப் புருஷனுக்காகச் செய்து, காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார்.

[ஆபித் பாஷா கேட்கிற ஆளில்லை. மறுநாளே ஒரு இடது கால் ஷூவைச் செய்து, காப்பகத்தில் மேகலாவின் பையில் போட்டுவிட்டார். ஆக, கப்பலுக்கு மூன்று ஷூ போயிருக்கின்றன. எந்த இரண்டை மாட்டுவது என்று மோகனா முடிவு செய்திருக்கவில்லை. "அங்க போய் அவரு மூஞ்சியப் பாத்து மாட்டிக்கிறேன்" என்றாள்.]

6.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இன்றைக்குத்தான் அவர்கள் கப்பலேறினார்கள். மதியம் ஒரு படம் வந்தது: கப்பல் அறையின் வட்டக் கண்ணாடி ஜன்னலில் மேகலா மூக்கை அமுக்கிக்கொண்டிருக்கிறாள். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. சற்று முன் ஒரு குரல்செய்தி. பின்னால் ஏதோ அறிவிப்பு, பாட்டு, காற்று. எழுத்தில் அப்படியே தருகிறேன்:

"அக்கா, கப்பல் கெளம்பிட்சி. சிக்னல் போய்டும்ன்றாங்க. அவரு வேலைய முடிச்சிட்டு மேல வந்துக்கினு இருக்காரு. போன் பண்ணாரு, சாப்ட்டியான்னு கேட்டாரு. அக்கா, பாப்பா மூணு ஷூவையும் தூக்கி எறிஞ்சிட்டா. ஒண்ணு கட்டிலுக்கு அடில போய்ட்சி, கையி எட்டல. மாட்டுனா கத்துறா. வெறுங்காலோடதான் நிக்கிறா. நான் இப்ப இன்னாக்கா சொல்—"

அவ்வளவுதான். திருப்பிக் கூப்பிட்டேன், போகவில்லை.

இனி பழிபோட ஷூ இல்லை. என்னிடமும் எழுதிவைத்த முடிவு இல்லை. அ, ஆ, இ மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் குழந்தை வெறுங்காலோடு நிற்கவில்லை.

'கதவு திறந்தது. செல்வகுமார் சீருடையோடு—'

இல்லை.

'மேகலா அந்த மனிதரைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடியும்—'

என்னால் முடியவில்லை. எனக்கு பயமாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? பயத்தைவிட ஆசை கொஞ்சம் ஜாஸ்தி. பிடிக்காத மூன்றை எறிந்துவிட்டு நிற்கிற பெண், தனக்குப் பிடித்த ஒன்றை நோக்கி நடக்கவும் தெரிந்தவளாகத்தானே இருப்பாள்?

அதனால் இதைச் செய்யப் போகிறேன். மேகலாவை அறையின் நடுவில் நிற்க வைக்கிறேன். தரை லேசாக ஆடுகிறது, ஆனால் அவள் நிற்பாள். இந்தப் பக்கம் மோகனா, முந்தானையைப் பல்லில் கடித்தபடி. அந்தப் பக்கம் வாசலில் ஒல்லியான ஒருவன், சோப்புவாசம் அடிக்கும் கைகளை நீட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறான். நடுவில் நாலடி தூரம்கூட இல்லை.

நான் கையை எடுத்துவிட்டேன். நீங்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். கையைத் தட்டாதீர்கள், பொம்மையைக் காட்டாதீர்கள். யாரும் அவளைக் கூப்பிட வேண்டாம்.

அவளாக நடக்கட்டும்.